மூன்று ஊசி, பிடிக்கவில்லை

சத்தியம் செய்கிறேன், காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சிவன்மலை ஆண்டவர் மேல் ஆணை, என் இரண்டு கண் மேல் ஆணை, போய்ச் சேர்ந்துவிட்ட என் பெண்டாட்டி பாவாயி மேல்கூட ஆணை, இதில் ஒரு சொல் பொய் கிடையாது. நொய்யல் வெள்ளத்தில் சிக்கிய பஸ்ஸை ஒரு காளை இழுத்துக் கரை சேர்த்தது, கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் என்று முப்பது வருசம் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேனே, அது பொய். நான் சினை ஊசி போட்ட மாடு விட்ட பெருமூச்சில் பக்கத்துக் கட்டுத்தறி மாடும் சினையானது, அதுவும் பொய். பொய்யென்றால் வாய்விட்டுச் சொல்வேன். இது உண்மை, அதனால்தான் உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈரோட்டில் ஒரு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, நீல நாற்காலி, காலை ஒன்பதேகால். சுவர் முழுக்கக் குழந்தைப் படம். ஒன்றுகூட நம் நிறமில்லை, எல்லாம் மைதா மாவில் உருட்டி வைத்த மாதிரி. பலகையில் டோக்கன் பதினெட்டு ஓடுகிறது, எங்களுடையது இருபத்தியாறு. மகன் பூபதி கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் போனில் பேசிக்கொண்டிருக்கிறான், யாரிடம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கு இரண்டாவதாகப் பார்த்து வைத்திருக்கிற தாராபுரத்துப் பெண்வீட்டுக்காரனிடம். மருமகள் கோகிலவாணி எனக்கு இட்லி வாங்கப் போயிருக்கிறாள். என் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதம் டாக்டரம்மா மேசைக்குப் போனால் கோகிலவாணி வீட்டில் இருப்பாள், வருகிற வருசம் தொட்டில் ஆடும். போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பன் வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போவான். இரண்டே வழி. பையில் அது இருக்கிற இடம் மட்டும் சூடாக இருக்கிறது. ஏசிக் காற்று மற்ற எல்லா இடத்திலும் படுகிறது, அங்கே படவில்லை.

தனபால்தான் கொடுத்தான். இந்த ஆஸ்பத்திரி லேபில் முட்டையும் விந்தும் சேர்க்கிறவன். ஒரு காலத்தில் காளைப் பண்ணையில் எனக்குக் கீழே வேலை பழகியவன், காளை வித்தை உறைய வைக்கிற நைட்ரஜன் கேனைத் திறக்கும்போது புகைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்வான், நான் மண்டையில் குட்டியிருக்கிறேன். அந்த மரியாதை இன்னும் போகவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் மாடிப்படி மூலைக்குக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேசினான், சாமி முன்னால் நிற்கிறவன் மாதிரி. “அண்ணா, உங்க மருமகப் பொண்ணு முட்டை ஒம்பதும் முத்து மாதிரி. நான் இத்தனை வருசத்துல அப்படிப் பாத்ததில்ல. தம்பியோடதும் நல்லாத்தான் ஓடுது. போன வாரம் ராத்திரி ரெண்டையும் ஒரே தட்டுல விட்டு வெச்சேன். காலைல பாத்தா முட்டையோட வெளி ஓட்டைத் துளைச்சுட்டு உள்ள போயிருக்குதுங்க, அதுக்கு மேல போக முடியாம முட்டி முட்டி நிக்குதுங்க அண்ணா, ஒம்பதுலயும்.” எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “அப்புறம்?” “மிச்சமிருந்த சொட்டை, டாக்டரம்மாவுக்குத் தெரியாம, மாட்டு லேப்ல இருக்கற நம்ம சினேகிதன்கிட்டக் குடுத்தேன். காளை வித்துக்குப் போடற சாயத்தைப் போட்டுப் பாத்திருக்கான். மனுசனுக்குன்னு தனிச் சாயம் அவன்கிட்ட இருந்துது, அதையும் போட்டிருக்கான். தலையில பச்சையா மினுங்கோணும். ஒண்ணுகூட மினுங்கல அண்ணா. கரியா இருக்கு.” மாட்டு லேபுக்கு அனுப்பியிருக்கிறான் மடையன். இந்தத் தப்பை எங்கள் தொழில்காரனைத் தவிர உலகத்தில் எவனும் செய்யமாட்டான். எங்களுக்கு வித்து வித்துதான், யாருடையது என்பது அதை அடைத்து வைக்கிற ஸ்ட்ரா மேல் எழுதுகிற நம்பர், அவ்வளவுதான். “டெஸ்டை நான் பண்ணுனேன்னு தெரிஞ்சா என்னை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. நீங்க எங்கயோ காட்டிக் கொண்டாந்ததாச் சொல்லிக் குடுத்துருங்க அண்ணா. டாக்டரம்மா மறுபடி பாத்துக்குவாங்க. வித்தை ஊசில எடுத்து முட்டைக்குள்ளயே குத்தி விட்டுட்டா ஒட்டவே வேண்டியதில்ல. அடுத்த தடவை பேரன்தான்.” பேரன்தான் என்று சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினான். நானும் காட்டினேன். எனக்கு இருப்பது ஆறு பல்.

ஒட்டுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன், இதுவும் சத்தியம். வித்து நீந்துவது பெரிய காரியமில்லை. தவளைக் குஞ்சுகூட நீந்தும். காளையின் வித்தானாலும் மனுசன் வித்தானாலும் மேலே ஒரு மெல்லிய சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பும், வழியில் பெண்ணுடம்பு அதை அந்நியன் என்று அடித்துவிடாமல் இருக்க. உள்ளே போகப் போக அந்தச் சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தலையில் இருக்கிற ஒரு புரதத்தை வெளியே காட்ட வேண்டும். முட்டை மேனியில் அதற்கு ஜோடிப் புரதம் இருக்கும். இது அதைப் பிடிக்க, அது இதைப் பிடிக்க, அப்போதுதான் இரண்டு தோலும் ஒன்றாகிக் கதவு திறக்கும். கை நீட்டினால்தானே கை பிடிப்பாள். அந்தப் புரதத்துக்கு ஜப்பான்காரன் தன் ஊர்க் கல்யாணக் கோயில் ஒன்றின் பேரை வைத்திருக்கிறான் என்று கல்லூரியில் இருந்து வந்த ஒரு டாக்டர் சொன்னார், இசுமோவாம். நம்மாள் கண்டுபிடித்திருந்தால் திருமணஞ்சேரி என்று வைத்திருப்பான். என் மகனிடம் திருமணஞ்சேரி இல்லை. தலை இருக்கிறது, வால் இருக்கிறது, கை இல்லை. மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை என்பது காளை, பேர் நாங்கள் வைத்தது, காகிதத்தில் வெறும் நம்பர். என்ன திமில், என்ன நடை. அதன் வித்தை உருக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கொதிக்கிற கஞ்சி மாதிரி சுழலும். எங்கள் பண்ணையில் அன்றைக்கு அது ஒன்றுதான் பரீட்சை, ஓடுகிறதா இல்லையா. ஓடினால் பாஸ். பதினோரு ஊருக்கு நான்தான் சினை ஊசி, மாப்பிள்ளையைத் தவிர வேறு போடமாட்டேன், அதன் பெருமையை அப்படிச் சொல்லி வைத்திருந்தேன், பஸ்ஸை இழுத்த காளைகூட அதுதான். ஒரு மாடு பிடிக்கவில்லை. பத்து மாடு பிடிக்கவில்லை. நாற்பதாவது மாட்டில் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், கையை உள்ளே விடுகிறவனுக்குத் தெரியும், கர்ப்பப்பை சுத்தமாக இருக்கும், பருவம் சரியாக இருக்கும், மாடு என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் கையைக் கழுவிவிட்டு அந்த மாட்டின் அட்டையில் எழுதுவேன்: மூன்று ஊசி, பிடிக்கவில்லை. அந்த மூன்று வார்த்தைக்கு மேல் விவசாயி எதுவும் கேட்கமாட்டான். வறட்டு மாடு. பொள்ளாச்சிச் சந்தை, அங்கிருந்து லாரி, லாரி ஏறினால் எலும்புதான் திரும்பும். நல்லம்மா என்று ஒருத்தி, ஒத்தை மாட்டுக்காரி, செவலைக் கிடாரி, அவள் மட்டும் கேட்டாள். “ஊசிக்காரரே, கோவிச்சுக்காதீங்க, தப்பு உங்க ஊசியில இருக்குமோ?” ஊர்ச் சனமே நிற்கிறது. நான் சொன்னேன், “ஏம்மிணி, உன்ற மாட்டுக்கு வளைகாப்புப் போடோணும்னு ஆசையா? காளை மேல பழி போடாதே, காளைக்குக் காது கேக்கும்.” சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான். செவலை லாரியில் ஏறமாட்டேன் என்று நாலு காலையும் பரப்பி நின்றது. வாலை முறுக்கி ஏற்றினார்கள். பிற்பாடு வியாபாரி சொன்னான், அறுத்தபோது கர்ப்பப்பை வெண்சங்கு மாதிரி இருந்ததாம். நூற்று எழுபது மாடு இருக்கும். கூடக்கூட இருக்கும். எண்ணிக்கையில் மட்டும் நான் எப்போதும் குறைத்துச் சொல்வதில்லை, இதில் குறைத்துத்தான் சொல்கிறேன்.

டோக்கன் இருபத்தொன்று. எதிர் நாற்காலியில் ஒரு பெண் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள், அதில் தண்ணீர் சொட்டினாலும் ஆச்சரியமில்லை. காகிதத்தைக் கொடுத்தால்தான் என்ன? கொடுத்தால் டாக்டரம்மா படிப்பாள், நிமிர்ந்து என்னைத்தான் பார்ப்பாள். தனபால் அதையும் சொன்னானே, குரலை இறக்கி, “இது தம்பிக்குத் தனியா வந்திருக்காது அண்ணா. அப்பன் வழி ஒரு பங்கு, ஆத்தா வழி ஒரு பங்கு, ரெண்டு கோளாறும் சேந்தாத்தான் இப்படி. நீங்களும் அக்காளும் சொந்தத்துலதானே?” சொந்தம்தான். பாவாயி என் தாய்மாமன் மகள். ஒரு காளையின் ஊசியை அதன் மகள் மாட்டுக்குப் போட்டுவிடாமல் ஊர் ஊராகக் காளையை மாற்றி மாற்றி நோட்டுப் போட்டுக் காப்பாற்றினேன் நான், நோட்டில் ஒரு அடித்தல் இருக்காது. என் கல்யாணத்துக்கு எவன் நோட்டுப் போட்டான்? “ஒரு சொட்டு ரத்தம் குடுத்தீங்கன்னா தெளிவாயிரும்.” ரத்தம் குடுப்பதா. நானா. பூபதி பிறக்க ஒன்பது வருசம் ஆனது. ஒன்பது வருசமும் பாவாயியை வறண்டவ என்றேன், மெதுவாகச் சொல்லவில்லை, களத்துமேட்டில் நின்று சொன்னேன். பழனியில் மொட்டை போட்டுக்கொண்டாள், நான் அந்த மண்டையைத் தட்டி, விதை போட்டால் இதில்கூட முளைக்கும் என்று பங்காளிகளைச் சிரிக்க வைத்தேன். அவள் தலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பொங்கல் வைத்தாள். பிறகு ஏன் பிறந்தான், எப்படிப் பிறந்தான், ஒரு பங்கு கெட்டால் போதாதாமே, அப்படியென்றால் ஒன்பது வருசம் எதனால், சீ, அதை விடு. அங்கே போனால் மனசு ஆணியில் மாட்டிய துணி மாதிரி கிழிகிறது. திரும்பி வா. டீக்கடைக்கு வா. டீக்கடையில் குப்பண்ணன் இருப்பான், என் வயசுக்காரன், என் கதைக்கெல்லாம் ம் கொட்டியே கிழவனானவன். காகிதம் டாக்டரம்மாவிடம் போனால் பூபதிக்குத் தெரியும், பூபதி குடித்தால் ஊருக்குத் தெரியும். குப்பண்ணன் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்பான், “ஏஞ் சென்னியப்பா, பதினோரு ஊரு மாட்டைச் சினையாக்குன, உன்ற ஊட்டுக் காளை அடிமாடாமே?” அவ்வளவுதான், அதற்குப் பிறகு நான் எந்தக் கதை சொன்னாலும் எவனும் ம் கொட்டமாட்டான். அதோடு நிற்குமா? எவனாவது ஒருத்தன், மாடு விற்றவன், விரலை மடக்குவான். அப்படின்னா அந்த மாப்பிள்ளை, அப்படின்னா நம்ம மாடு. எழுபத்திநாலு வயசில் என்னிடம் மிச்சம் இருப்பது என்ன? நிலம் பூபதி பேரில். பல் ஆறு. மிச்சம் இருப்பது நான் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள் என்பது. அல்லது நம்புவதுபோல் இருப்பார்கள் என்பது. பேரன் என்றால் என்ன, அவன் வளர்ந்து என் கதையைக் கேட்கிற காலத்தில் நான் சாம்பல். போன மாசம் பங்காளிகளைக் கூட்டி வைத்து நான்தானே சொன்னேன், இந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் மூன்று தரம் ஊசியில்தான் வித்தை ஏற்றினார்கள், மாட்டுக்குப் போடுகிற அதே வேலை, குழாய் மட்டும் சின்னது, நான் சொன்னேன், “மூணு ஊசி போட்டாச்சு, பிடிக்கல.” யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே அடுப்படியில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் மட்டும் நின்றுபோனது. முட்டையை வெளியே எடுத்துத் தட்டில் சேர்த்து ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று அவள் அப்பன்தான் கெஞ்சினான். இன்றைக்கும் டாக்டரம்மா இன்னொரு முறை பார்க்கலாம் என்பாள், அது அவள் தொழில். யார்மேல் கோளாறு என்று தெரியாமல் இன்னொரு முறை கிடையாது என்று பூபதி வீட்டிலேயே சொல்லிவிட்டான்.

வந்துவிட்டாள். கையில் வாழையிலைப் பொட்டலம், முகத்தில் வெயில். “ஏனுங்க மாமா, மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல உக்காந்திருக்கீங்க. சட்னி காரமில்லாமக் கேட்டு வாங்குனனுங்க.” பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை அவளே பிரித்து என் மடியில் வைத்தாள். நாலு இட்லி. இவள் வந்த நாள் முதலாக என் இட்லிக்கு விள்ளல் பதம் பார்த்துத்தான் எடுப்பாள், ஆறு பல்லுக்குத் தோதாக. பி.காம். படித்தவள், பேங்க் வேலைக்குப் போகிறேன் என்றதை நான்தான் கெடுத்தேன், பிள்ளை பிறந்தபின் போகலாம் என்று. இட்லி தொண்டைக்குள் இறங்குகிறது, காகிதம் நெஞ்சில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டைத் துணி. “அவரு கீழ யாருகிட்டயோ பேசீட்டு இருக்காருங்க. என்னையப் பாத்ததும் திரும்பி நின்னுக்கிட்டாரு.” நான் மென்றேன். “தாராபுரமுங்களா மாமா?” நான் மென்றேன். “எனக்குத் தெரியுமுங்க. போவுது. நான் ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா?” அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருக்கிற மைதாக் குழந்தையைப் பார்த்தாள். “டாக்டரு என்னென்னமோ இங்கிலீசுல சொல்லுவாங்க. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்பாங்க. நீங்க அப்படியில்லீங்க. எத்தனை ஆயிரம் மாட்டைப் பாத்த கை. ஊருல எல்லாரும் உங்க கதையப் பொய்யின்னு சிரிப்பாங்க, ஆனா மாட்டு விசயத்துல மட்டும் உங்க வாக்கு தப்பாதும்பாங்க. நீங்க சொல்லுங்க மாமா. என்மேலதான் கோளாறா? ஆமான்னா ஆமான்னு சொல்லீருங்க. அவரு வாயில இருந்து அதைக் கேக்க எனக்குத் தெம்பில்லீங்க.” பாருங்கள், வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தி என்னிடம் உண்மையைக் கேட்கிறாள். பையில் கை வைத்தால் போதும். இந்தா கண்ணு என்றால் போதும், படிக்கத் தெரிந்தவள். நாக்கு எழுந்தது. எழுந்து, பழகிய தடத்திலேயே போனது, வண்டிமாடு வீட்டுக்குப் போவது போல. “உன்மேலதாங் கண்ணு,” என்றேன். குரல் எவ்வளவு இரக்கமாக வந்தது தெரியுமா, எனக்கே என்மேல் பாசம் வந்தது. “தனபாலு நம்ம பையன். காத்தாலயே சொல்லீட்டான். பூபதியோடது குதிரை மாதிரி ஓடுதாம். உன்ற முட்டைக்குத்தான் பிடிச்சு வெக்கிற சக்தியில்லையாம். ஒம்பதும் சொத்தை. சில பொறப்பு அப்படித்தான் சாமி. மருந்தில்ல.” அவள் அழுவாள் என்று நினைத்தேன். தலையைத்தான் ஆட்டினாள், கணக்கு ஒத்துப்போனது போல. “இப்பவாச்சும் தெரிஞ்சுதுங்களே,” என்றாள். “நாலு வருசமா ஒருக்கா அவர்மேல, ஒருக்கா என்மேலன்னு மனசு அடிச்சுக்கிட்டுது. உள்ளுக்குள்ள அவரத் திட்டியிருக்கேனுங்க மாமா. பாவம்.” எனக்கு இன்னும் பசித்தது, என்ன அதிசயம், மீதி இரண்டு இட்லியும் சர்க்கரை மாதிரி இறங்கிற்று. விரலில் சட்னி. பையில் இருந்து காகிதத்தை எடுத்தேன், இவள் கண் முன்னாலேயே எடுத்தேன், அந்தத் திமிர் எங்கிருந்து வந்ததோ, ஐந்து விரலையும் அதில் நன்றாகத் துடைத்தேன். ஜப்பான் கோயில் மேல் தேங்காய்ச் சட்னி. கசக்கி இலைக்குள் வைத்தேன். “குடுங்க மாமா, நீங்க எந்திரிக்காதீங்க, முட்டி வலிக்கும்,” என்று அவள் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், தூண் ஓரத்துக் குப்பைக்கூடையின் மிதியை மிதித்து, மூடி திறந்ததும் உள்ளே போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

டோக்கன் இருபத்தியாறு. பூபதி மேலே வந்து எங்களுக்கு முன்னால் உள்ளே போனான், கதவைப் பிடிக்கவில்லை, அது அவள் தோளில் இடித்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினாள், முட்டையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஏன் சேரவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அடுத்த முறை நேராக ஊசியில் செலுத்திப் பார்க்கலாம், என்று அவள் சொல்லச் சொல்ல என் கை காலிச் சட்டைப் பைக்குப் போனது, முட்டை நன்றாக இருந்தது என்றாளே, கோகிலவாணி திரும்பி என்னைப் பார்ப்பாளோ என்று. பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. பெரிய மனுசர்கள் நோயாளியிடம் இப்படித்தான் பூசி மெழுகுவார்கள், நீங்கள் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டீர்களே என்ற நன்றி. “வேண்டாமுங்க டாக்டர்,” என்றாள். “இன்னொரு தரம் வேண்டாம். என்மேலதான் கோளாறு. மாமா சொல்லிட்டாரு.” டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். பூபதி நாலு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்து, இனிச் சிகிச்சை வேண்டாம் என்கிற தாளில் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினான். அவள் எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டாள். நான் விரல் வைத்துக் காட்டினேன். தாராபுரத்துப் பெண் வருவாள், அவளுக்கும் மூன்று ஊசி, அதற்கடுத்து வருகிறவளுக்கும் மூன்று, வீட்டில் அட்டை எழுத நான் இருக்கிறேன், நான் போனபின் பூபதி பழகிக்கொள்வான். இப்போது மாடிப்படியில் இறங்குகிறோம், அவள் என் கக்கத்தில் கை கொடுத்து ஒவ்வொரு படியாக இறக்குகிறாள். இவளை எங்காவது பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அப்பன் ஊருக்குப் போகிற வெள்ளகோயில் பஸ்ஸில் ஜன்னலோரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பார்த்தால் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள், அம்மிணி, உன்மேல ஒரு கோளாறும் இல்லை, ஒன்பதும் முத்து என்று. தயங்காமல் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். யார் சொன்னது என்று கேட்பாள், நிச்சயம் கேட்பாள். ரோட்டில் போன யாரோ சொன்னார்கள் என்று சொல்லுங்கள், கனாக் கண்டேன் என்று சொல்லுங்கள், உங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.